எட்டுக் கதிரை வச்சு சிகாகோக் கதை சொல்லுறது எப்பிடி

மே தினம் கிட்ட வந்தா ஒவ்வொரு வருசமும் ஆராவது ஒரு பொடியன் ஃபோன் எடுத்துக் கேப்பான், "அண்ணை, அந்தச் சிகாகோக் கதைய எங்கட வாசிகசாலையில வந்து ஒருக்கா சொல்லுங்கோவன்" எண்டு. நானும் எங்கட திருகோணமலைப் பக்கம் உப்புவெளி, கிண்ணியா, மூதூர் எண்டு கொஞ்ச இடத்தில சொல்லியிருக்கிறன், சில இடத்தில நல்லாப் போச்சு, சில இடத்தில பிழைச்சுப் போச்சு. எல்லா இடத்துக்கும் என்னால வர ஏலாது, அதால நான் எப்பிடிச் செய்யிறனான் எண்டத இதில எழுதி வைக்கிறன், பாத்துட்டு நீங்களே செய்யலாம். பெரிய படிப்பு ஒண்டும் தேவையில்ல, ரெண்டு மணித்தியாலமும் எட்டுப் பிளாஸ்டிக் கதிரையும் ஒரு சோக்குக் கட்டியும் இருந்தாக் காணும்.

மே தின மேடையில வழமையா நடக்கிறது தெரியும்தானே. "எட்டு மணித்தியால வேலைக்காகச் சிகாகோத் தொழிலாளர் ரத்தம் சிந்தினார்கள்" எண்டு ஒரே ஒரு வசனம், அதுக்குப் பிறகு முழுக்கக் கட்சிக் கதை, எலெக்சன் கதை. 1886இல சிகாகோவில ஒரு தொழிலாளர் கூட்டத்தில குண்டு விழ, அதுக்காக எட்டுப் பேரைப் பிடிச்சு வழக்குப் போட்டாங்கள். அந்த ஒரு வசனத்துக்குள்ள அந்த எட்டு மனிசர் இருக்கினம், அவையின்ர பேரை ஒரு மேடையிலயும் நான் கேட்டதில்ல. குண்டு எறிஞ்சது ஆர் எண்டு கண்டுபிடிக்காமலே நாலு பேரைத் தூக்கில போட்டு முடிச்ச வழக்கு அது. ஒரு அரசாங்கம் ஒரு இயக்கத்தைப் படிப்படியா எப்பிடி நசுக்கும் எண்டத இவ்வளவு தெளிவாக் காட்டுற வேற கதை எனக்குத் தெரியேல்ல, அதாலதான் அவசரப்படாமச் சொல்லோணும் எண்டு நிக்கிறன்.

முதல்ல நேரமும் இடமும். மே 1 அண்டைக்கு வைக்காதீங்கோ, அண்டைக்குப் பாதிப் பேர் ஊர்வலத்துக்கு பஸ் ஏறிடுவினம், மிச்சப்பேர் வீட்டில படுத்திருப்பினம். ஏப்ரல் கடைசிக் கிழமையில ஒரு நாள் நல்லது, வெள்ளிக்கிழமை வேண்டாம். (2018இல வெசாக்கைச் சாட்டி அரசாங்கம் மே தினத்தையே மே 7க்குத் தள்ளி வச்சது, அப்பிடி ஏதும் வந்தாலும் உங்கட கூட்டம் உங்கட நாளிலேயே நடக்கட்டும்.) இஷா தொழுகை முடிஞ்சு, கோயில் பூசை முடிஞ்சு, கடை பூட்டி ஆக்கள் வந்து சேர இரவு எட்டு மணி ஆகும். இந்த மாசங்களில எங்கட பக்கம் கடல் அமைதி, தொழில் நல்லா நடக்கிற காலம், அதால இரவில கடலுக்குப் போறவை வர மாட்டினம், அவைக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாடியடியில தனியா ஒண்டு வையுங்கோ. ஒலிபெருக்கி கட்டாதீங்கோ. கட்டினா பொலிஸ் அனுமதி எடுக்கோணும் எண்டது ஒரு பக்கம், இந்தக் கதை மைக்கில சொல்லுற கதையே இல்ல எண்டது மற்றப் பக்கம். நாப்பது பேருக்கு மேல வந்தா ரெண்டு நாளாப் பிரியுங்கோ.

அடுத்தது ஒரு சொல்லைப் பற்றிக் கதைக்கோணும், இதில கவனம் இல்லாட்டி முழு இரவும் வீணாப் போகும். அந்த எட்டுப் பேரும் அராஜகவாதிகள். இந்தச் சொல்லை அப்பிடியே தூக்கிப் போட்டீங்க எண்டா முன்னால இருக்கிற ஆச்சிக்கு என்ன விளங்கும்? எங்கட வாயில அராஜகம் எண்டா அட்டூழியம். பொலிஸ் அடிச்சா "பொலிஸ் அராஜகம் ஒழிக" எண்டுதான் நாங்கள் கத்துறம், வட்டிக்காரன் வீட்டுக்கு வந்து சாமான் தூக்கினா அதுவும் அராஜகம். அப்ப அராஜகவாதியைத் தூக்கில போட்டாங்கள் எண்டா "நல்லதுதானே" எண்டு சனம் மனசுக்குள்ள சொல்லும், ஒரு பிழையும் சொல்ல ஏலாது. அந்தச் சொல்லின்ர வேர் அரசன் இல்லாத நிலை எண்டது. அதால நான் அரசின்மைக்காரர் எண்டு சொல்லித் தொடங்குவன், பிறகு விளங்கப்படுத்துவன்: முதலாளியும் வேண்டாம், மேல இருந்து ஆளுற அரசும் வேண்டாம், வேலை செய்யிறவை தாங்களே கூடிப் பேசித் தங்கட அலுவலைக் கொண்டு நடத்தட்டும் எண்டு நினைச்ச ஆக்கள். இது சரியா பிழையா எண்டது வேற கதை, அத நீங்க அண்டைக்குத் தீர்க்க வேண்டாம், எங்கட சங்கம், எங்கட கூட்டுறவு, ஊரே சேந்து ஒரு கேணி வெட்டுறது, இப்பிடி ரெண்டு உதாரணம் சொன்னா சனத்துக்குப் பிடிபடும்.

"இது வெள்ளைக்காரன்ர கதை, எங்களுக்கென்ன" எண்டு ஒருத்தர் கட்டாயம் கேப்பார். அவருக்கு எம்.பி.டி. ஆச்சாரியாவைப் பற்றிச் சொல்லுங்கோ. 1887இல மெட்ராசில பிறந்த மனிசன், பாண்டிச்சேரியில பாரதியாரோட சேந்து "இந்தியா" பத்திரிகையில வேலை செய்தவர், ஊர் ஊராத் தப்பி ஓடி, 1920இல தாஷ்கண்டில இந்திய கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கின ஆக்களில ஒருத்தர், பிறகு அதோடயும் ஒத்துப் போகாமக் கடைசி வரைக்கும் அரசின்மைக்காரராவே இருந்து 1954இல பம்பாயில செத்தவர். சிகாகோவில தூக்குப் போட்டதும் அவர் பிறந்ததும் ஒரே வருசம்.

இனிக் கதை. குண்டில இருந்து தொடங்காதீங்கோ. நான் முதல் முதல் செய்யேக்க அந்தப் பிழையைத்தான் விட்டன், "1886 மே 4 இரவு, இருட்டுக்குள்ள இருந்து ஒரு குண்டு பறந்து வந்தது" எண்டு சினிமா மாதிரித் தொடங்கினன், சனம் நல்லா ஊண்டித்தான் கேட்டது, ஆனா அதுக்குப் பிறகு ஒண்டரை மணித்தியாலமும் குண்டு எறிஞ்சது ஆர், எறிஞ்சது ஆர் எண்ட கேள்வியிலயே போச்சு. சிகாகோப் பொலிசும் பேப்பர்காரரும் அண்டைக்கு ஊருக்குச் செய்ததும் இதுதான், குண்டைக் காட்டி மிச்சம் எல்லாத்தையும் மறைச்சது. நானும் தெரியாம அவங்கட வேலையைச் செய்து குடுத்திட்டன். அது எனக்குக் கனநாள் மனசில கிடந்து உறுத்தினது.

அதால நேரத்தில இருந்து தொடங்குங்கோ. வந்திருக்கிற ஆக்களிட்டக் கேளுங்கோ, நேற்று எத்தனை மணிக்கு வேலைக்குப் போனீங்க, எத்தனை மணிக்கு விட்டாங்கள். ஒவ்வொருத்தராச் சொல்லட்டும், அவசரப்படுத்தாதீங்கோ. போன தடவை செக்கியூரிட்டி வேலை செய்யிற ஐயா ஒருத்தர் 12 மணித்தியாலம், ஆள் வராட்டி 24 எண்டார். ஹோட்டலில ரூம் கூட்டுற பிள்ளை சீசனுக்கு ஒரு கணக்கு, சீசன் இல்லாட்டி வீட்டில எண்டுது. பிறகு புடைவைக்கடையில நிக்கிற ஒரு பிள்ளை, பத்தொன்பது இருபது வயசிருக்கும், காலமை எட்டரைக்குப் போனா இரவு எட்டு மட்டும் எண்டு சொல்லிட்டு, "இருக்க விடமாட்டினம் அண்ணை, கடைக்குள்ள எங்களுக்குக் கதிரை இல்ல" எண்டுது. நான் எட்டுக் கதிரையை முன்னால வரிசையா வச்சிருந்தன் கதைக்காக, அந்தப் பிள்ளை நிண்டு கொண்டுதான் சொல்லுது. ஒருத்தரும் ஒண்டும் பேசேல்ல. பக்கத்தில இருந்த மனிசி எழும்பி அந்த வரிசையில இருந்து ஒரு கதிரையை இழுத்து "இரு பிள்ள" எண்டுது. எங்கட நாட்டில கடை கந்தோர் ஊழியர் சட்டம் 1954இல வந்தது, நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் எண்டு அதில கிடக்கு, அந்த இடத்தில இதைச் சொல்லுங்கோ. பாதிப் பேருக்கு அப்பிடி ஒரு சட்டம் இருக்கெண்டே தெரியாது.

இப்ப சிகாகோவுக்குப் போகலாம். பத்து, பன்ரண்டு, அதுக்கு மேலயும் வேலை வாங்கின காலம். 1884இல அமெரிக்காத் தொழிற்சங்கங்களின்ர கூட்டமைப்பு ஒண்டு தீர்மானம் போட்டது, 1886 மே 1 தொடக்கம் ஒரு நாள் வேலை எண்டா 8 மணித்தியாலம்தான் எண்டு. எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் ஓய்வு, எட்டு மணித்தியாலம் எங்கட விருப்பத்துக்கு, இதுதான் கோசம். அரசின்மைக்காரர் முதல்ல இதில பெரிசா ஈடுபாடு காட்டேல்ல, முதலாளித்துவத்தையே இல்லாமச் செய்யோணும், மணித்தியாலத்தைக் குறைச்சு என்ன பலன் எண்டு நினைச்சினம், பிறகு சனம் தானா எழும்பி வாறதைப் பாத்துத்தான் இறங்கி முன்னுக்கு நிண்டினம். இதையும் சொல்லுங்கோ, ஒளிக்கத் தேவையில்ல. மே 1 அண்டைக்கு அமெரிக்கா முழுக்க 3 லட்சத்துக்கு மேல வேலைநிறுத்தம், சிகாகோவில மட்டும் 40,000 அளவில. அண்டைக்கு ஒரு கல்லும் பறக்கேல்ல. இந்த வசனத்தை ரெண்டு தரம் சொல்லுங்கோ.

மே 3, மக்கோமிக் எண்ட அறுவடை மெசின் தொழிற்சாலை. பெப்ரவரியில இருந்தே தொழிலாளரை வெளியில போட்டுக் கதவைப் பூட்டி, வேற ஆக்களைக் கொண்டந்து வேலை வாங்கிக் கொண்டிருந்த இடம். வேலை முடியிற மணி அடிக்க வெளியில நிண்டவை கேட்டடிக்கு ஓடினம், பொலிஸ் வந்து சுட்டது, குறைஞ்சது ரெண்டு பேர் செத்தினம். கொஞ்சத் தூரத்தில ஒரு கூட்டத்தில, அந்த எட்டுப் பேரில ஒருத்தரான ஓகஸ்ட் ஸ்பீஸ் பேசிக் கொண்டு நிண்டவர், எல்லாத்தையும் கண்ணால கண்டவர். நேரா பேப்பர் கந்தோருக்குப் போய்க் கோவத்தோட ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினவர், அதுக்கு மேல "பழிவாங்கு" எண்ட தலைப்பை அவர் போடேல்ல, எழுத்துக் கோர்த்தவர் தானாச் சேர்த்தது. (பேரைச் சரியாச் சொல்லுங்கோ, ஸ்பைஸ் இல்ல, ஸ்பீஸ். அதே மாதிரி ஜோர்ஜ் ஏங்கல் எண்டு ஒருத்தர் வருவார், அவர் மார்க்சின்ர கூட்டாளி எங்கெல்ஸ் இல்ல, சின்னதா ஒரு விளையாட்டுச் சாமான் கடை வச்சிருந்த ஜெர்மன்காரர்.)

இந்த இடத்தில நான் அப்பாவின்ர டப்பாவை எடுப்பன். அப்பா முந்தி ஒரு அச்சகத்தில எழுத்துக் கோர்த்தவர், அச்சகம் மூடேக்க கொஞ்ச ஈய எழுத்து வீட்ட கொண்டந்தவர், ஒரு பழைய பால்மாத் தகரத்துக்குள்ள இருக்கு. ஒவ்வொரு எழுத்தும் சுண்டுவிரல் நுனி அளவு, முகம் இடம் வலமாத் திரும்பியிருக்கும், "க" எண்டு கையில எடுத்து வெளிச்சத்தில சரிச்சுப் பாத்தாத்தான் அது "க" எண்டு தெரியும், விரலில கறுப்பு ஒட்டும். அத ஆளுக்கு ஒண்டாக் குடுத்துச் சுத்த விடுவன். ஏனெண்டா அந்த எட்டுப் பேரில அல்பேர்ட் பார்சன்ஸ் எழுத்துக் கோர்த்தவர், அடோல்ஃப் ஃபிஷர் எழுத்துக் கோர்த்தவர், மைக்கல் ஷ்வாப் புத்தகம் கட்டினவர், ஸ்பீஸ் பேப்பர் நடத்தினவர். அவை எழுதினதும் அச்சடிச்சதும்தான் பிறகு கோட்டில அவைக்கு எதிரான சாட்சி. உங்களிட்ட ஈய எழுத்து இல்லாட்டி ஒரு பழைய ரப்பர் ஸ்டாம்ப் காணும், கையில பிடிச்சுப் பாக்க ஏதாவது ஒண்டு இருக்கோணும், அவ்வளவுதான்.

அந்தச் சூட்டை எதிர்த்து அடுத்த நாள், மே 4, வச்ச கூட்டத்துக்கான நோட்டீசைப் பற்றிக் கொஞ்சம் நிண்டு சொல்லுங்கோ. முதல்ல கோர்த்ததில "ஆயுதத்தோட வாங்கோ" எண்ட மாதிரி ஒரு வரி இருந்தது, அது ஃபிஷர் போட்டது. ஸ்பீஸ் அதைப் பாத்திட்டு, இந்த வரி இருந்தா நான் பேச வரமாட்டன் எண்டு சொல்லி எடுக்க வச்சவர். அதுக்கு முதல் சில நூறு அடிச்சு முடிஞ்சிட்டுது, மிச்சம் ஆயிரக்கணக்கில அந்த வரி இல்லாமத்தான் போனது. வழக்கில எந்த நோட்டீசைக் காட்டியிருப்பாங்கள் எண்டு சனத்திட்டக் கேளுங்கோ, சின்னப் பிள்ளையும் சரியாச் சொல்லும்.

இப்ப சோக்கு. நிலத்தில டெஸ்பிளெய்ன்ஸ் எண்ட தெருவைக் கீறுங்கோ, ஓரத்தில ஒரு ஒழுங்கை, ஒழுங்கை வாசலில ஒரு வண்டில். ஹேமார்க்கட் எண்டா வைக்கோல் சந்தை, அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்திலதான் இந்த வண்டில், மேடையே அதுதான். பெரிய கூட்டம் வருமெண்டு எதிர்பாத்தவை, ரெண்டாயிரம் மூவாயிரம் பேர்தான் வந்தினம். ஸ்பீஸ் பேசினார், பார்சன்ஸ் பேசினார், அவர் மனிசி பிள்ளைகளையும் கூட்டிக் கொண்டு வந்தவர், குண்டு போடுற திட்டம் இருந்தாப் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு வருவாரோ எண்டு போன வருசம் ஒரு அம்மா கேட்டவா. நகர மேயர் கார்ட்டர் ஹாரிசன் தானே வந்து நிண்டு கேட்டிட்டு, கூட்டம் அமைதியா இருக்கு எண்டு பொலிஸ் இன்ஸ்பெக்டர் பொன்ஃபீல்டிட்டச் சொல்லிட்டு வீட்ட போனவர். இரவு பத்து மணி தாண்டி மழை இருட்டிக் கொண்டு வர சனம் கலைஞ்சு போய்ச் சில நூறு பேர்தான் மிச்சம், சாமுவேல் ஃபீல்டன் கடைசியாப் பேசி முடிக்கிற நேரம். அப்பதான் 170, 180 பொலிஸ் வரிசையா வந்து கலைஞ்சு போகச் சொல்லுது. ஃபீல்டன் வண்டிலில நிண்டபடி "நாங்கள் சமாதானமாத்தானே இருக்கிறம்" எண்டு சொல்லிட்டு இறங்க வெளிக்கிடேக்கதான் குண்டு விழுந்தது.

அடுத்த கொஞ்ச நிமிசம் பொலிஸ் இருட்டுக்குள்ள நாலு பக்கமும் சுட்டது. ஏழு பொலிஸ்காரர் செத்தினம், அவையிலயும் கனபேருக்குத் தங்கட ஆக்கள் சுட்ட சூடும் பட்டிருந்தது. சனத்தில குறைஞ்சது நாலு பேர் செத்தினம், காயப்பட்டவை பயத்தில ஆஸ்பத்திரிக்கே போகேல்ல, அதால கணக்கும் இல்ல. செத்த பொலிஸ்காரரைப் பற்றியும் மரியாதையாச் சொல்லுங்கோ, மத்தியாஸ் டேகன் எண்டவர் அந்த இடத்திலயே குண்டில செத்தவர். அவையும் சம்பளத்துக்கு வேலை செய்த ஆக்கள். இதில நீங்க பக்கம் சாய்ஞ்சு கதைச்சா, வந்திருக்கிற ஆக்களில ஆற்றயோ மகன் பொலிஸில இருப்பான், அந்த நிமிசத்தோட அவை காதைப் பூட்டிக் கொள்ளுவினம்.

அதுக்குப் பிறகு நடந்ததை மெல்ல மெல்லச் சொல்லுங்கோ, கதையின்ர நடு இதுதான். வாறண்ட் இல்லாம வீடு வீடாப் பூந்தாங்கள், சங்கக் கந்தோர், அச்சகம், ஸ்பீஸ் நடத்தின ஆர்பைட்டர் ட்சைட்டுங் எண்ட ஜெர்மன் மொழிப் பேப்பரில வேலை செய்த ஆக்கள் எல்லாரும் கைது, நூற்றுக்கணக்கில பிடிச்சு விசாரணை. எட்டு மணித்தியாலப் போராட்டமும் அதோட படுத்திட்டுது. எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்ல, 1979இல வந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்துக்குள்ள வளந்த ஆக்கள் நாங்கள், பூட்ஸ் சத்தம், டோர்ச் வெளிச்சம், அலுமாரியைக் கொட்டிப் பாக்கிறது, ஒரு புத்தகத்தைக் கண்டா "இது என்ன" எண்டு கேக்கிறது. நீங்க சிகாகோவை மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை அவை தாங்களே நினைப்பினம்.

இப்பதான் கதிரை. எட்டுக் கதிரையையும் வரிசையா வச்சு எட்டுப் பேரைக் கூப்பிட்டு இருத்துங்கோ, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேர். கூட்டத்தைப் பாத்து ஒரே ஒரு கேள்வி: குண்டு விழேக்க இவர் எங்க நிண்டவர்? ஸ்பீஸ், வண்டிலடியில. ஃபீல்டன், வண்டிலடியில. பார்சன்ஸ் பக்கத்தில இருந்த செப்ஃப் மண்டபத்தில, ஃபிஷரும் அங்கதான். ஏங்கல் வீட்டில காட்ஸ் விளையாடிக் கொண்டிருந்தவர். ஷ்வாப் வேற இடத்தில பேசப் போனவர். லூயி லிங் அந்தப் பக்கமே இல்ல. ஒஸ்கார் நீபி வீட்டில. அந்த இடத்தில இல்லாத ஒவ்வொருத்தரையும் கதிரையோட கொஞ்சம் பின்னால தள்ளச் சொல்லுங்கோ, கடைசியில முன்னுக்கு ரெண்டு கதிரைதான் நிக்கும், அந்த ரெண்டு பேரும் எல்லாற்ற கண்ணுக்கும் முன்னால வண்டிலடியில நிண்டவை. பிறகு தீர்ப்பைச் சொல்லுங்கோ, எட்டுப் பேரும் குற்றவாளி, ஏழு பேருக்குத் தூக்கு, நீபிக்கு 15 வருசம். அந்த நேரம் மண்டபத்தில வாற அமைதியைக் குழப்பாதீங்கோ, தேத்தண்ணி கொண்டு வாற ஆளுக்கும் முதலே சொல்லி வையுங்கோ இந்த நேரம் வர வேண்டாமெண்டு.

வழக்கு எப்பிடி நடந்தது எண்டதச் சுருக்கமாச் சொன்னாக் காணும். நீதிபதி ஜோசப் கேரி. யூரிமாரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கேல்ல, ஒரு அதிகாரி தேடிப் பிடிச்சுக் கொண்டந்தவர், 981 பேரை விசாரிச்சுப் பன்ரண்டு பேரை எடுத்தினம், இவையில எனக்கு வெறுப்பு எண்டு வெளிப்படையாச் சொன்ன ஆக்களைக் கூடத் தகுதியில்ல எண்டு விலக்க நீதிபதி மறுத்தவர். குண்டு எறிஞ்சவனை ஒருநாளும் காட்டேல்ல. நீ எழுதினாய், நீ பேசினாய், அதைக் கேட்டு ஆரோ எறிஞ்சான், அதால நீயும் கொலைகாரன், இதுதான் வழக்கு. பார்சன்ஸ் தப்பிப் போய் விஸ்கொன்சினில ஒளிச்சிருந்தவர், கூட்டாளிகளை விட்டிட்டு இருக்க மனமில்லாம 1886 ஜூன் 21, வழக்குத் தொடங்கின நாள், தானாக் கோட்டுக்குள்ள நடந்து வந்து மற்றவையோட இருந்தவர். இந்த இடத்தில எனக்கு எப்பவும் தொண்டை அடைக்கும், ஒரு தடவை பேச்சை நிப்பாட்டித் தண்ணி குடிச்சிட்டுத்தான் தொடந்தனான். அப்பிடி வந்தா வரட்டும்.

1887 நவம்பர் 10, ஃபீல்டனுக்கும் ஷ்வாபுக்கும் ஆளுநர் ஓகில்ஸ்பி தூக்கை மாத்தி ஆயுள் தண்டனை குடுத்தார், அவை ரெண்டு பேரும் கருணை கேட்டு எழுதினவை. மற்றவை, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேக்க ஏலாது எண்டு நிண்டவை. அதே நாள் லிங் சிறைக்குள்ள ரகசியமா வந்த வெடிமருந்துக் குப்பியை வாயில வச்சு வெடிச்சுச் செத்தார், வயசு 23. அடுத்த நாள் நவம்பர் 11, ஸ்பீஸ், பார்சன்ஸ், ஃபிஷர், ஏங்கல். முகத்தை மூடின பிறகு ஸ்பீஸ் சொன்னது: "நீங்க இண்டைக்கு நெரிக்கிற குரல்களை விட எங்கட மௌனம் பலமா இருக்கிற காலம் வரும்." பார்சன்ஸ் சனத்தின்ர குரல் கேக்கட்டும் எண்டு பேசத் தொடங்க, முடிக்க முதல் பலகை விழுந்திட்டுது. அண்டு காலமை அவற்ற மனிசி லூசி பார்சன்ஸ் ரெண்டு பிள்ளைகளோட கடைசியா ஒருக்காப் பாக்க வந்தவா, விடேல்ல, மூண்டு பேரையும் கொண்டு போய் உடுப்பைக் கழட்டிச் சோதிச்சு அடைச்சு வச்சாங்கள், எல்லாம் முடிஞ்ச பிறகுதான் விட்டது. சின்னப் பிள்ளைகள் இருந்தா தூக்கைப் பற்றி நீட்டி விவரிக்காதீங்கோ, லூசி வாசலில நிண்டதைச் சொன்னாலே காணும். எங்கட ஊரில எத்தனை அம்மாமார் எத்தனை வாசலில நிண்டவை. அவை கேட்டுக் கொண்டிருப்பினம் எண்டத நினைச்சுக் கொண்டு சொல்லுங்கோ.

பிறகு ஆறு வருசம். 1893 ஜூன் 26, புது ஆளுநர் ஜோன் பீட்டர் ஆல்ட்கெல்ட் மிச்சம் இருந்த மூண்டு பேரையும் விடுதலை செய்தார், கருணை எண்டு சொல்லி இல்ல, வழக்கே அநியாயம், யூரிமாரை ஆள் பாத்துத் தெரிஞ்செடுத்தது, குற்றத்தை நிரூபிக்கேல்ல எண்டு விவரமா எழுதி வச்சு விட்டவர். அதோட அவற்ற அரசியலும் முடிஞ்சு போச்சு, அடுத்த தேர்தலில தோத்தார். விவேகானந்தர் சிகாகோவில பேசினது இதே வருசம் செப்டெம்பர் 11, அதாவது ரெண்டரை மாசத்துக்குப் பிறகு. ராமகிருஷ்ண மிசன் பள்ளிக்கூடத்தில படிச்ச எங்கட ஆக்களுக்குச் சிகாகோ எண்டா அந்தப் பேச்சுத்தான் ஞாபகம் வரும், அந்த ஊரில இந்தக் கதையும் நடந்தது எண்டு சொன்னா நிமிந்து இருப்பினம். 1889இல பாரிசில கூடின சர்வதேசத் தொழிலாளர் மாநாடு தீர்மானிச்சு 1890இல இருந்து மே 1 உலகம் முழுக்க, எங்களுக்கு லீவு நாளா வந்தது 1956இல.

நாட்டுக் கதையை எப்ப கொண்டு வாறது எண்டு கேப்பீங்க. சிகாகோவை முடிச்ச பிறகுதான், நடுவில கலக்காதீங்கோ. 1940 ஜனவரியில முல்லோயாத் தோட்டத்தில பொலிஸ் சுட்டுச் செத்த கோவிந்தன், 1947 ஜூன் 5 பொது வேலைநிறுத்தத்தில கொழும்பில ஊர்வலத்தில சுட்டுச் செத்த அரசாங்கக் கிளாக் கந்தசாமி, 2011இல கட்டுநாயக்காவில பென்சன் சட்டமூலத்துக்கு எதிரா நிண்டு சூடு பட்டுச் செத்த ரொஷேன் சானக, ரெண்டு தமிழர், ஒரு சிங்களவர், மூண்டு பேரும் தொழிலாளர். பிறகு எங்கட ஊர். 2006 ஜனவரி 2 கடற்கரைக் காந்தி சிலையடியில சுட்டுக் கொல்லப்பட்ட அஞ்சு மாணவர், அந்த வழக்கில பிடிபட்ட 13 பேரையும் 2019இல விட்டாச்சு. அதே 2006 ஓகஸ்டில மூதூரில கொல்லப்பட்ட 17 நிவாரணப் பணியாளர், தமிழரும் முஸ்லிமும், உடுப்பில நிறுவனத்தின்ர பேரோட வேலைக்கு நிண்ட இடத்திலயே. இதில நீங்க விளக்கம் சொல்லத் தேவையில்ல. சொல்லிட்டு இருங்கோ.

கேள்வி வரும், அதுக்கு ஆயத்தமா இருங்கோ. கட்டாயம் வாறது, "அவங்கள் வன்முறைக்காரர்தானே?" இதுக்கு மழுப்பாதீங்கோ. அவையின்ர பேப்பரில டைனமைட்டைப் புகழ்ந்து எழுதினது உண்மை, லிங் குண்டு செய்தவர் எண்டதும் உண்மை. அதை மறைச்சிட்டுப் பால்மணம் மாறாத அப்பாவிகள் எண்டு சொன்னீங்க எண்டா, நாளைக்கு ஒரு பொடியன் ஃபோனில தேடிப் பாத்திட்டு வந்து கேப்பான், அதோட நீங்க சொன்ன மிச்ச எல்லாத்தையும் அவன் நம்பமாட்டான். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கோவத்தில எழுதினது ஒரு குற்றமெண்டாலும் அதுக்கு ஒரு தண்டனை இருக்கும், செய்யாத கொலைக்குக் கழுத்தில கயிறு போட ஏலாது. அடுத்த கேள்வி, "அப்ப எறிஞ்சது ஆர்?" கடைசி வரைக்கும் நிரூபிக்கப்படேல்ல. பொலிஸ் ஆளா இருக்கும் எண்டு அடிச்சுச் சொல்லுற ஆக்கள் இருக்கினம், கூட்டத்திலயும் ஒருத்தர் சொல்லுவார், அதுக்கும் ஆதாரம் இல்ல எண்டு சொல்லுங்கோ. ஆதாரம் இல்லாமக் குற்றம் சாட்டினதைப் பற்றித்தானே இவ்வளவு நேரமும் கதைச்சம்.

சிங்கள ஆக்கள் வந்தா ஒரு வசனத்துக்கு ஒரு வசனம் மொழிபெயர்க்காதீங்கோ, கதை அறுந்து போகும், ஒரு பகுதி முடிய ஒருக்காச் சொன்னாக் காணும், கதிரை வைக்கிற இடம் மொழி இல்லாமலே விளங்கும். வாறவையிட்டப் பேர் எழுதி வாங்காதீங்கோ, ஃபோட்டோ எடுக்காதீங்கோ, ஆராவது போஸ்ட் போடப் போறன் எண்டா கதிரையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ. எங்கட ஊரில கூட்டத்துக்கு வந்ததுக்காக ஒருத்தர் வீட்டில போய் நாலு கேள்வி கேட்டா அடுத்த தடவை பத்துப் பேர் வரமாட்டினம், வேலை செய்யிற இடத்திலயும் முதலாளி காதுக்குப் போகும். அந்தப் புடைவைக்கடைப் பிள்ளை அண்டைக்குப் போகேக்க என்னட்டக் கேட்டதும் அதைத்தான், நான் சொன்னதை எங்கயும் போடமாட்டியள்தானே எண்டு. கடைப்பேர் நான் கேக்கவும் இல்ல.

பத்தரைக்குள்ள முடியுங்கோ, தூர இருந்து வந்தவைக்கு ஆர் ஆரை மோட்டசைக்கிளில ஏத்துறது எண்டு முதலே பேசி வையுங்கோ, பொம்பிளைப் பிள்ளைகளைத் தனிய விடாதீங்கோ. ஈய எழுத்துக் குடுத்தா எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குங்கோ. என்னட்ட 42 இருந்தது, இப்ப 41, கிண்ணியாவில ஒரு சின்னப் பொடியன் பொக்கெற்றுக்குள்ள போட்டுக் கொண்டு போயிட்டான், எந்த எழுத்தெண்டு பாத்தன், "ம". நான் திருப்பிக் கேக்கேல்ல.